உடைந்த கலசமும் மண்பாண்டத்துப் பத்திரமும்



எழுத்தாளர் சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’, அதன் தொடர்ச்சியான ‘மீண்டும் ஜீனோ’ ஆகிய அறிவியல் புனைகதைகளை உங்களில் பலர் வாசித்திருப்பீர்கள். 1980களில் எழுதப்பட்ட முதல் கதை, 2021ஆம் ஆண்டைக் கற்பனை செய்தது. பிள்ளை பெறவும் அரசின் அனுமதி வேண்டும். பெயர் இரண்டெழுத்தைத் தாண்டலாகாது. மக்கள் பணிந்த தலைவன் ஜீவாவோ வெறும் ஒளிப்பிம்பம். அந்தப் பொய்யை உடைத்த ரவியே, நிலாவை அரியணையில் பொம்மையாக அமர்த்தித் தானே ஆள முற்படுகிறான்.

“அந்த இருளே உண்மை, இரண்டாம் பாகத்தில் இயந்திர நாய் ஜீனோவைத் துணையாக்கி அதை இளக்கியது பிழை” என்று நம் வாலிபர் சிலர் வாதிடுகின்றனர். நான் இதை மறுக்கிறேன்.

முதல் கதையோடு நின்றுவிட்டால் வாசகன் கற்பது ஒன்றே: ஆள்பவர் எல்லாரும் ஒன்று, எதுவும் மாறாது. அது ஞானமன்று, சோம்பலுக்கு அணிவித்த ஞான வேடம். பொம்மையாக்கப்பட்டவள் இனி என்ன செய்வாள் என்று இரண்டாம் கதை கேட்கிறது. இருள் அங்கே நீங்கவில்லை. ஆனால் கேள்வி வளர்ந்திருக்கிறது.

எரேமியாவைப் பாருங்கள். 19ஆம் அதிகாரத்தில் அவர் மண்கலசத்தை உடைத்து, எருசலேமின் அழிவை அறிவிக்கிறார். 32ஆம் அதிகாரத்தில் நகரம் முற்றுகையில் கிடக்கையில், காவலில் இருந்தபடியே 17 சேக்கல் வெள்ளிக்கு ஆனதோத்தில் நிலம் வாங்கி, கிரயப்பத்திரத்தை ஒரு மண்பாண்டத்தில் வைக்கச் சொல்கிறார். அதே தீர்க்கதரிசி, அதே மண். தாம் சொன்ன தீர்ப்பில் ஒரு சொல்லையும் அவர் திரும்பப் பெறவில்லை.

இனிப்பான முடிவு எதுவாயினும் போதும் என்பதும் என் கருத்தன்று. இரண்டே வருஷத்தில் எல்லாம் சரியாகும் என்று 28ஆம் அதிகாரத்தில் அனனியா முழங்கினான். தேவன் அவனைக் கள்ளத்தீர்க்கதரிசி என்று வெளிப்படுத்தினார். துக்கத்தின் நடுவே நடந்து வராத நம்பிக்கை, நம்பிக்கையே அன்று.

ரிஷிவந்தியத்தில் வாழும் நமக்கு இது கதை பற்றிய சர்ச்சை மட்டுமா? 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில், மெத்தனால் கலந்த சாராயத்தால் அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். “நம் மாவட்டம் இப்படித்தான்” என்ற பேச்சை அன்று முதல் எத்தனை திண்ணைகளில் கேட்டுவிட்டோம்! அதுவும் முதல் பாகத்தோடு புத்தகத்தை மூடிவைக்கும் வாசிப்பே.

அன்பானவர்களே, அழுகையை மறைக்க வேண்டாம். அதில் குடியிருக்கவும் வேண்டாம். குடியால் தகப்பனை இழந்த ஒரு பிள்ளையின் பள்ளிச்செலவு, குடியை விட முயலும் ஒருவரோடு மாலைநேரத்தில் அமர்ந்திருப்பது, இவையே இன்று நாம் வாங்க வேண்டிய ஆனதோத்தின் நிலம். முற்றுகை நீங்கிய பிறகு வாங்கலாம் என்று காத்திராதீர்கள்.

கர்த்தர் உங்களோடிருப்பாராக. ஆமென்.