அழுவதும் செபந்தான்



இணுவிலில் நான் சந்தித்த அக்கா ஒருவர், 1995 யூலை 9இல் நவாலி சென் பீற்றர்ஸ் தேவாலயத்தில் விமானக் குண்டு விழுந்தபோது கணவரை இழந்தவர். தஞ்சம் தேடிப் போன இடத்திலேயே சாவு.

“ஆண்டவர் சித்தம், அழாதேங்கோ எண்டு எல்லாரும் சொல்லிச்சினம். பிறகு கன காலம் கோயில் படி மிதிக்கேல்லை, தங்கச்சி.”

அவரைத் திரும்ப அழைத்தது யோவான் நற்செய்தியின் 11ஆம் அதிகாரம். இலாசர் இறந்தபோது, நேரத்துக்கு வரவில்லையே என்று சகோதரிகள் இயேசுவிடமே முறையிட்டார்கள். அவர் கடிந்துகொள்ளவில்லை, கண்ணீர் விட்டார்.

“அவரே அழுதவர். நான் ஏன் அடக்க வேணும்?” என்கிறார் அக்கா. இப்போது பூசையில் அழுகை வந்தால் அழுகிறார். கேள்வி இருந்தால் ஆண்டவரிடமே கேட்கிறார்.

உங்கள் அயலில் கணவரை இழந்தவர் இருந்தால் விளக்கம் சொல்லாதீர்கள். பக்கத்தில் இருங்கள்.