குப்பை வண்டியே வராத ஜப்பான் ஊர்... மிச்ச 20 சதவீதத்துக்கு யார் பொறுப்பு?

ஒரு வாரம் குப்பை வண்டி வரலைன்னா நம்ம தெரு என்ன ஆகும்? ஜப்பானின் ஷிகோகு தீவில், மலைக்காடுகளுக்கு நடுவே இருக்கும் கமிகாட்சு ஊரில் வீடு வீடாகக் குப்பை வண்டி வருவதே இல்லை. மக்கள்தொகை 1,500-க்கும் குறைவு. அதில் பாதிக்கு மேல் 65 வயதைத் தாண்டியவர்கள்.

சமையலறைக் கழிவு வீட்டிலேயே உரமாகிவிடும். மற்றதைக் கழுவி, காயவைத்து, மக்களே குப்பை மையத்துக்குக் கொண்டுபோய் சுமார் 45 வகையாகப் பிரித்துப் போடுகிறார்கள். அந்தப் பொருள் அடுத்து எங்கே போகிறது, அதனால் ஊருக்குச் செலவா, வரவா என்பதும் அங்கேயே எழுதியிருக்கும்.

‘ஜப்பான்காரங்க ஒழுக்கமானவங்கப்பா’ என்று சொல்லிவிட்டு ஸ்க்ரோல் பண்ணிடலாம். ஆனால், கதை அது இல்லை. முன்பு அங்கேயும் குப்பையைக் குவித்து எரித்தவர்கள்தான். பிறகு சிறிய எரிஉலைகள் வந்தன. டையாக்ஸின் நச்சுக்கு எதிரான சட்டம் வந்ததும் அவற்றை மூட வேண்டியதாயிற்று. புது உலை கட்ட சின்ன ஊருக்குக் கட்டுப்படியாகாது. பிரித்தால்தான் செலவு குறையும். அப்படித்தான் 2003-ல், ஜப்பானிலேயே முதல் ஊராக, ‘2020-க்குள் எரிப்பதும் இல்லை, புதைப்பதும் இல்லை’ என்று கமிகாட்சு அறிவித்தது.

2020-ல் மறுசுழற்சி சுமார் 80 சதவீதத்தைத் தொட்டிருந்தது. ஜப்பானின் சராசரியோ 20 சதவீதம்தான். சரி, மிச்சம் 20? டயப்பர், நாப்கின், தோலும் ரப்பரும் ஒட்டிய ஷூ மாதிரியான பொருட்கள். எத்தனை முறை கழுவினாலும் இவற்றைப் பிரிக்க முடியாது. ஏன்னா, தயாரிக்கும்போதே அப்படித்தான் தயாரிக்கிறார்கள்.

2020-ல் திறந்த புதிய குப்பை மையத்தை மேலிருந்து பார்த்தால் கேள்விக்குறி வடிவத்தில் தெரியும். அந்தக் கேள்வி வாங்குபவருக்கு மட்டுமல்ல, விற்பவருக்கும்தான்.

குப்பை பற்றிப் பேசினாலே ‘மக்கள் ஒத்துழைக்கணும்’ என்பதோடு முடித்துவிடுகிறோம். கமிகாட்சு தாத்தா பாட்டிகள் 17 வருஷம் ஒத்துழைத்தார்கள், சம்பளம் இல்லாமல். அதற்கு மேல் அவர்களால் ஒரு ஷூவை மறுபடி வடிவமைக்க முடியாது. பிரிக்க முடியாத பொருளை விற்கும் கம்பெனியே அதைத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும், அந்தச் செலவையும் ஏற்க வேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்தணும். அதுவரை எந்த ஊர் முயன்றாலும் அந்த 20-ல்தான் வந்து நிற்கும்.