பருவம் காத்திராது

தாவரவியல் தோட்டத்திற்குத் தொண்டு செய்யப் போவது ஓய்வுள்ளோரின் பொழுதுபோக்கு என்று நம் அங்கத்தினரிற் பலர் எண்ணுகின்றனர். அவ்வெண்ணம் மாற வேண்டும். தறியையும் ஏரையும் நம்பி வாழும் நமக்கே அத்தோட்டத்தின்மீது உரிமையும் கடமையும் மிகுதி என்று கருதுகிறோம்.

சோழமண்டலக் கரையின் துணிகளுக்குப் புகழ் தேடித் தந்த செந்நிறம், இம்பூறல் எனப்படும் சாயவேரிலிருந்து வந்தது. காயா மரத்தின் இலை அதற்குத் துணை நின்றது. அவுரி நீலம் தந்தது. 1868-ல் ஜெர்மானிய அறிஞர் செஞ்சாயத்தை ஆய்வுக்கூடத்திலேயே ஆக்கினர். 1897-ல் செயற்கை நீலமும் சந்தைக்கு வந்தது. பயிர் குறைந்தது, சாயமிடும் அறிவும் குறுகியது. இன்று இயற்கைச் சாயத் துணியைத் தேடி வாங்குவோர் உண்டு. செடியே அருகிவிட்டால் அவர்களுக்கு நாம் எதைக் கொடுப்போம்?

செடியை இனங்கண்டு, பெயரெழுதி, விதையெடுத்துக் காக்கும் இடமே தாவரவியல் தோட்டம். புதுச்சேரிக்கு அருகே ஆரோவில்லில் 2000-ஆம் ஆண்டில் தொடங்கிய தோட்டம், ஏறத்தாழ 50 ஏக்கரில் நம் கடற்கரைப் பகுதிக்கே உரிய காட்டு மரங்களைப் பேணி வருகிறது, தொண்டர்களையும் ஏற்கிறது.

இத்தகைய தோட்டங்களில் வேலை நம் வசதிப்படி அமைவதன்று. ஆனி, ஆடியில் வேம்பும் நாவலும் பழுக்கின்றன. அவற்றின் விதைகளை நெல்லைப்போல் குதிரில் இட்டு வைக்க இயலாது. சில வாரங்களில் முளைப்புத்திறன் போய்விடும். உடனே பொறுக்கி, சதை நீக்கி, நாற்றங்காலில் இட வேண்டும். அந்நாட்களில் கை குறைந்தால் ஓராண்டு வீணாகும். ஐப்பசி, கார்த்திகை மழையிலோ கன்று நடும் வேலை. பாவு உலராமல் தறி நிற்கும் நாட்களும் அவையே.

"கூலியற்ற நாளில் இலவச உழைப்பா?" என்று நெசவாளர் கேட்பது நியாயமே. ஆகவே வழிச்செலவையும் உணவையும் சங்கமே ஏற்க வேண்டும். தோட்டத்தில் கூலிக்கு உழைப்போரின் வேலையை நம் தொண்டு பறிக்கவும் கூடாது. கூட்டமாய்ச் சென்று நிழலில் உண்டு திரும்புவது தொண்டாகாது. பருவந்தோறும் ஐவர் முறைவைத்துச் சென்றாலும் போதும். அவர்கள் திரும்புகையில் விதை எடுக்கும் முறையையும் நாற்று வளர்க்கும் அறிவையும் உடன் கொணர்வர். அதுவே நமக்கு ஊதியம்.

அடுத்த பொதுக்குழுவில் ஒவ்வொரு சங்கமும் இதனைத் தீர்மானமாக எடுத்துக்கொள்ளுமாறு வேண்டுகிறோம்.