மிஷன் வந்த நாளில் ஊர் பிறக்கவில்லை

யாழ்ப்பாணத்தில் ஏதாவது ஒரு பழைய பாடசாலையின் ஆண்டு மலரைத் திறந்து பாருங்கோ. முதல் பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரப் பாதிரியாரின் படம் இருக்கும். இரண்டாம் பக்கத்தில் அவர் கப்பலேறி வந்த கதை. மூன்றாம் பக்கத்தில் நன்றியுரை. அவர் வந்து இறங்குவதற்கு முதல் அந்த ஊரில் ஆக்கள் இருந்தவையா, இருந்தால் என்ன செய்துகொண்டிருந்தவை என்று மலரை வாசித்து ஒருத்தருக்கும் விளங்காது.

இப்படி வரலாறு எழுதுவதற்கு எதிராகத்தான் நாங்கள் இதை எழுதுகிறோம். எங்கட ஊர் ஒன்றை உதாரணத்துக்கு எடுத்தால் இரண்டாவது பந்தியிலேயே சமயச் சண்டையும் பழைய மாணவர் சங்கச் சண்டையும் தொடங்கிவிடும். அதனால் தூரத்தில் இருக்கிற ஒரு சின்ன ஊருக்குப் போவோம். எங்களிடம் வந்த அதே மிஷன் போய் இறங்கிய இன்னொரு ஊர் அது.

பார்க் ஹில் என்பது அதன் பெயர். அமெரிக்காவின் ஒக்லஹோமா மாநிலத்தில், செரோக்கி தேசத்தின் தலைநகரான டாலக்வாவுக்குத் தெற்கே சில மைல் தூரத்தில் இருக்கிறது. இன்றைக்கு அங்கே போனால் ஒரு பெரிய பழைய வீடு, மிஷன் காலத்து மயானம், எரிந்துபோன பாடசாலையின் மூன்று செங்கல் தூண்கள் என்று கொஞ்சம்தான் மிச்சம். ஆனால் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் செரோக்கிகளின் கல்வி, அச்சு, அரசியல் எல்லாம் இந்தக் கிராமத்தைச் சுற்றித்தான் நடந்தது.

பொஸ்டனில் இருந்து இயங்கிய வெளிநாட்டு மிஷன்களுக்கான அமெரிக்கச் சபை 1810இல் உருவானது. அதன் ஆட்கள் 1816இல் தெல்லிப்பழைக்கு வந்தார்கள். அடுத்த வருடம், 1817இல், அதே சபை செரோக்கி மண்ணில் பிரெய்னர்ட் மிஷனைத் தொடங்கியது. தொடக்கியவர் பெயர் சைரஸ் கிங்ஸ்பரி. எங்கட சி.வை. தாமோதரம்பிள்ளையின் மகன் பெயரும் பிரான்சிஸ் கிங்ஸ்பரிதான். இரண்டு மிஷன்களின் செய்திகளும் ஒரே மாத இதழில், பக்கத்துப் பக்கத்தில் அச்சாகின. பொஸ்டனில் இருந்தவர்களின் கணக்கில் நாங்களும் வெளிநாடு, செரோக்கிகளும் வெளிநாடு. அந்த விசயத்திலாவது சபை உண்மையைச் சொன்னது. செரோக்கிகள் ஒரு தனித் தேசம் என்பதை அமெரிக்க அரசு மறக்க நினைத்தபோது, மிஷனின் பதிவேடு அதை மறக்கவில்லை.

பார்க் ஹில்லின் கதையைப் பெரும்பாலும் இப்படித்தான் சொல்லுவினம்: சாமுவேல் வூஸ்டர் என்ற மிஷனறி 1830களின் நடுவில் மேற்கே வந்தார், பார்க் ஹில்லில் அச்சகம் நிறுவினார், பைபிளின் பகுதிகளை செரோக்கி மொழியில் கொண்டுவந்தார், 1859இல் அங்கேயே இறந்தார். ஒவ்வொரு வரியும் சரி. மொத்தக் கதை பிழை. ஏன் என்பதற்கு எங்களிடம் மூன்று கேள்விகள் இருக்கின்றன.

முதலாவது கேள்வி: எழுத்து யாருடையது?

அந்த அச்சகத்தில் கோத்த எழுத்துகளை உருவாக்கியவர் செகோயா என்ற செரோக்கிக்காரர். அவருக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. வெள்ளைக்காரர் தாளில் கீறி ஒருவருக்கொருவர் பேசிக்கொள்வதைப் பார்த்து, தன் மொழிக்கும் அது முடியும் என்று பல வருடங்கள் இருந்து யோசித்து, 1821 அளவில் அசைகளுக்கு ஓர் எழுத்துமுறையை முடித்தார். சில வருடங்களில் ஆயிரக்கணக்கான செரோக்கிகள் அதைப் படித்துவிட்டார்கள். பள்ளிக்கூடம் போய் இல்லை, வீட்டிலும் வழியிலும் ஒருவரிடமிருந்து ஒருவர்.

மிஷன் அந்த நேரம் என்ன செய்துகொண்டிருந்தது? ஜோன் பிக்கரிங் என்ற அறிஞரின் உதவியோடு செரோக்கிக்கு ரோமன் எழுத்தில் ஒரு முறையை ஆயத்தப்படுத்திக்கொண்டிருந்தது. சனம் அதைக் கையில் எடுக்கவில்லை. தங்களுடையது தங்களிடம் இருக்கும்போது ஏன் எடுக்க வேண்டும்? வூஸ்டருக்கு ஒரு பாராட்டு உண்டு: செகோயாவின் எழுத்தைத்தான் அச்சேற்ற வேண்டும் என்று தன் சபையிடம் வாதாடியவர் அவர். ஆனால் கவனியுங்கோ, அவர் வாதாடியது சனம் ஏற்கெனவே எடுத்த முடிவுக்காக. மிஷன் செரோக்கிகளுக்கு எழுத்துக் கொடுக்கவில்லை, செரோக்கிகள்தான் மிஷனுக்கு எழுத்துக் கொடுத்தார்கள்.

1828 பெப்ரவரி 21இல், பழைய நாட்டில், நியூ எக்கோட்டா என்ற ஊரில் இருந்து 'செரோக்கி பீனிக்ஸ்' பத்திரிகை வந்தது. அதன் ஆசிரியர் எலியாஸ் பூடினோட். இவர் பிறந்தபோது வைத்த பெயர் கலகினா. மிஷன் பாடசாலைக்குப் போகிற வழியில் சந்தித்த ஒரு அமெரிக்கப் பிரமுகரின் பெயரைத் தனக்கு எடுத்துக்கொண்டார். 1841இல் எங்கட 'உதயதாரகை'யைத் தொடங்கிய தமிழர் இருவரின் பெயர்களும் ஹென்றி மார்ட்டின், சேத் பேசன். ஒரே சபை, இரண்டு கண்டம், ஒரே பழக்கம்.

பெயரை மாற்றினால் ஆளை ஏற்றுக்கொள்வார்களா? பூடினோட் கனெக்டிகட்டில் கோர்ன்வால் என்ற ஊரில், சபையே நடத்திய பாடசாலையில் படித்தார். அந்த ஊர் வெள்ளைக்காரப் பெண் ஹரியட் கோல்டும் அவரும் கலியாணம் செய்யப்போகிறார்கள் என்று தெரிந்தவுடன் ஊர்ச்சனம் அவர்களின் கொடும்பாவியை எரித்தது. பாடசாலை 1826இல் மூடப்பட்டது. கிறிஸ்தவனாகலாம், ஆங்கிலத்தில் எழுதலாம், ஆனால் எங்கட பிள்ளையைக் கேட்கக்கூடாது. இந்த நியாயம் எங்கட சனத்துக்கும் நல்லாய்ப் பழக்கப்பட்டதுதானே.

இரண்டாவது கேள்வி: முடிவு எடுத்தது யார், விலை கொடுத்தது யார்?

ஜோர்ஜியா மாநிலம் செரோக்கி நிலத்தை விழுங்க வெளிக்கிட்டபோது, அங்கே வசிக்கும் வெள்ளையர்கள் மாநிலத்துக்கு விசுவாசப் பிரமாணம் செய்து அனுமதி பெறவேண்டும் என்று சட்டம் போட்டது. வூஸ்டரும் எலிசர் பட்லரும் மறுத்தார்கள். 1831இல் நாலு வருடக் கடூழியச் சிறை விதிக்கப்பட்டது. 1832 மார்ச்சில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டம் செரோக்கி தேசத்தில் செல்லாது என்று தீர்த்தது. இது உண்மையான துணிச்சல். குறைத்துச் சொல்ல எங்களுக்கு ஒரு தேவையும் இல்லை.

ஆனால் கதையை அந்த இடத்தில் நிற்பாட்டுவதுதான் ஏமாற்று. தீர்ப்பை ஜோர்ஜியா மதிக்கவில்லை. 1832 முடிவில் சபை, வழக்கை விட்டுவிட்டு மன்னிப்பை ஏற்கும்படி மிஷனறிகளுக்குச் சொன்னது. 1833 ஜனவரியில் இருவரும் வெளியே வந்தார்கள். செரோக்கித் தலைவர் ஜோன் றொஸ்ஸுக்கு வந்த ஆலோசனை, ஒப்பந்தம் செய்து மேற்கே போய்விடுங்கள் என்பது. மிஷனறிக்குச் சிறைக் கதவு திறந்தது, சனத்துக்கு வீட்டுக் கதவு மூடியது.

1835 டிசம்பரில் பூடினோட்டும் இன்னும் சிலரும், தேசத்தின் அரசு சம்மதிக்காத ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்து வைத்தார்கள். 1838இல் இராணுவம் வந்து சனத்தை வீடுகளில் இருந்து பிடித்து முகாம்களில் அடைத்தது. சுமார் 16,000 பேர் மேற்கே துரத்தப்பட்டார்கள். ஏறத்தாழ 4,000 பேர் முகாமிலும் வழியிலும் செத்தார்கள் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. இடம்பெயர்வு என்றால் என்ன என்று எங்கட வாசகர்களுக்கு நாங்கள் விளக்கத் தேவையில்லை. 1839 ஜூன் 22இல், பார்க் ஹில்லில் புதிதாகக் கட்டிக்கொண்டிருந்த வீட்டுக்குப் பக்கத்தில் வைத்து பூடினோட்டைச் சொந்தச் சனமே கொன்றது. துரோகி, தியாகி என்ற இரண்டு பெட்டிக்குள் எல்லாரையும் போட்டுப் பழகிய நாங்கள், இந்த மனுசனை எந்தப் பெட்டியில் போடுவது?

அதற்குப் பிறகு அச்சகத்தைத் தாங்கியது யார்? மொழிபெயர்ப்பில் வூஸ்டரோடு இருந்தவர் ஸ்டீவன் போர்மன் என்ற செரோக்கிப் போதகர். அச்சுக் கோத்தவர்களில் ஜோன் கண்டி என்ற செரோக்கிக்காரர் இருந்தார். 1841இல் செரோக்கி தேசம் தனக்கென்று பொதுப் பாடசாலைகளைத் தொடங்கியபோது அவற்றுக்குப் பொறுப்பாக இருந்தவரும் அதே போர்மன்தான். 1851இல் பார்க் ஹில்லில் திறந்த பெண்கள் செமினரி மிஷன் கட்டியது இல்லை. துரத்தப்பட்டு வந்த பன்னிரண்டு, பதின்மூன்று வருடத்தில், செரோக்கி தேசம் தன் சொந்தப் பணத்தில் கட்டியது. ஆசிரியைகளை மட்டும் மவுண்ட் ஹோலியோக்கில் இருந்து கூப்பிட்டது. கட்டடம் 1887இல் எரிந்தபோது, இரண்டு வருடத்தில் டாலக்வாவில் திரும்பக் கட்டியதும் அதே தேசம்தான். ஆனால் அந்தச் செமினரியில் செரோக்கி மொழி படிப்பிக்கப்படவில்லை. இந்தப் பிழைக்கு மிஷனை மட்டும் குற்றஞ்சாட்ட ஏலாது, அது தேசத்தின் மேட்டுக்குடி தானாக எடுத்த முடிவு.

மூன்றாவது கேள்வி: மலரில் யாருடைய பெயர் வரவில்லை?

பார்க் ஹில்லில் மிஞ்சி நிற்கிற அந்தப் பெரிய வீடு, ஜோன் றொஸ்ஸின் மருமகளைக் கலியாணம் செய்த ஜோர்ஜ் மரல் என்ற வியாபாரியுடையது. 1845 அளவில் கட்டியது. அந்தத் தோட்டத்தில் வேலை செய்தவர்கள் கறுப்பின அடிமைகள். 1860 அளவில் செரோக்கி தேசத்தில் சுமார் 2,500 அடிமைகள் இருந்தார்கள். கண்ணீர்த் தடத்தில் அவர்களும் நடந்தார்கள், எசமானர்களின் சாமான்களைச் சுமந்துகொண்டு. மிஷன்களும் அடிமைகளைக் கூலிக்கு எடுத்தன. இதைப் பற்றிப் பொஸ்டனில் வருடக்கணக்காக விவாதித்தார்கள்.

அமெரிக்க உள்நாட்டுப் போரில் பார்க் ஹில் சிதைந்தது. 1863இல் றொஸ்ஸின் வீட்டை எரித்தது வெளியாரின் படை இல்லை. பூடினோட்டின் சகோதரர் ஸ்டான்ட் வேற்றியின் செரோக்கிப் படை. போர் முடிந்து 1866 ஒப்பந்தத்தில் விடுதலையான அடிமைகளுக்குக் குடியுரிமை கிடைத்தது. 2007இல் வாக்கெடுப்பு வைத்து அவர்களின் சந்ததியை வெளியே தள்ளப் பார்த்தார்கள். 2017இல் நீதிமன்றம் அந்த உரிமையை உறுதி செய்தது. ஒடுக்கப்பட்ட சனம் என்பதற்காக ஒரு சமூகம் தன் உள்ளே ஒடுக்காது என்று இல்லை. வட்டுக்கோட்டை செமினரியில் படித்தவர்களில் பெரும்பாலானோர் எந்தச் சாதி என்று எங்கட மலர்கள் ஏன் எழுதுவதில்லை? கேள்வி அதேதான்.

இந்த இடத்தில் இரண்டு பக்கமிருந்தும் சத்தம் வரும். ஒரு பக்கம், மிஷன் இல்லாவிட்டால் நீங்கள் இந்தக் கட்டுரையே எழுதியிருக்க மாட்டியள் என்பார்கள். மறுபக்கம், மிஷன் என்றாலே மதமாற்றச் சதி, வேறென்ன ஆராய்ச்சி என்பார்கள். இரண்டு பேரும் சண்டை பிடிப்பது போலத் தெரிந்தாலும் சொல்வது ஒன்றைத்தான்: செய்தது முழுக்க மிஷன், சனம் வெறும் களிமண். ஒருத்தர் குயவனைக் கும்பிடுகிறார், மற்றவர் குயவனைத் திட்டுகிறார். களிமண் என்று சொன்னது சரியா என்று இருவரும் கேட்பதில்லை.

மிஷனுக்குத் தன் கணக்கு வேறு. வட்டுக்கோட்டை செமினரியை 1855இல் மூடினார்கள். செரோக்கி மிஷனை 1860இல் கைவிட்டார்கள். முடிவெடுத்த மேசை ஒன்றுதான், அது பொஸ்டனில் இருந்தது. மிஷன் போன பிறகும் ஊர் இருந்தது. வந்த அன்றைக்கு ஊர் பிறந்தது உண்மையென்றால், போன அன்றைக்கு அது செத்திருக்க வேண்டுமே.

2019இல் மூன்று செரோக்கி அரசுகளும் சேர்ந்து தங்கட மொழிக்கு அவசரநிலை அறிவித்தன. தாய்மொழியாகச் சரளமாகப் பேசுபவர்கள் ஏறத்தாழ 2,000 பேர்தான் இருந்தார்கள், அதிலும் பெரும்பாலானோர் வயது போனவர்கள். இப்போது டாலக்வாவில் சின்னப் பிள்ளைகள் செரோக்கி மொழியிலேயே படிக்கிற பாடசாலை ஒன்று நடக்கிறது. அந்தப் பிள்ளைகள் எழுதுவது செகோயாவின் எழுத்தை. ரோமன் முறையை அல்ல.

இதனால் எங்கட தலைமுறையிடம் நாங்கள் கேட்பது சின்ன விசயம். அடுத்த முறை உங்கட பாடசாலை மலருக்கோ ஊர் வரலாற்றுக்கோ எழுதச் சொல்லி வந்தால், பாதிரியாரின் கப்பலில் இருந்து தொடங்காதேங்கோ. மொழிபெயர்த்தது யார், அச்சுக் கோத்தது யார், காசு போட்டது யார், வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்டது யார் என்று கேட்டுப் பெயர்களைத் தேடுங்கோ. தேடினால் நன்றி சொல்ல வேண்டியவர்களின் பட்டியல் நீளும். மன்னிப்புக் கேட்க வேண்டியவர்களின் பட்டியலும் கூடவே வரும். அந்த இரண்டாவது பட்டியலுக்குப் பயந்துதான் இவ்வளவு காலமும் முதலாவதையும் சுருக்கி வைத்திருக்கிறம்.