பூட்டன் பெயரை எழுதி வையுங்கள்!

2025 மார்ச் 28 ஆம் திகதி வெளிவந்த 2430 ஆம் இலக்க வர்த்தமானியை வன்னி மக்கள் மறந்திருக்கமாட்டார்கள். காணி நிர்ணயக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வெளியான அவ்வறிவித்தல், வட மாகாணத்தில் 5,941 ஏக்கர் காணிக்கு உரிமை கோருவோர் மூன்று மாதங்களுக்குள் தம் உரித்தை நிலைநாட்ட வேண்டும் என்றது. தவறினால் அக்காணி அரசுக்குரியதாகும் என்றும் கூறியது. முல்லைத்தீவு மாவட்டத்தின் பங்கு 1,703 ஏக்கர். கிளிநொச்சியின் பங்கு 515 ஏக்கர். எதிர்ப்பு எழுந்தது, வழக்குத் தொடரப்பட்டது, தவணை முடிவதற்கு ஒரு நாள் முன்னர், யூன் 27 இல், உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. அறிவித்தலை மீளப் பெற அரசும் இணங்கியது.

வெற்றிதான். ஆயின் அம்மூன்று மாதங்களிலும் எமது மக்கள் பட்ட பாட்டை நாம் கண்ணாரக் கண்டோம். அதை வெற்றிக் களிப்பில் மறைத்துவிட்டால் நாம் மக்களுக்குச் செய்யும் துரோகம் அதுவாகும்.

காணியில் இருப்பவர்களிடம் உறுதி இல்லை என்பதன்று குறை. பலரிடம் உறுதி இருந்தது. அது பூட்டன் பெயரில் இருந்தது. பூட்டனுக்கும் இன்று கமஞ் செய்பவனுக்கும் இடையே உள்ள இரண்டு தலைமுறையை இணைக்கும் கடதாசிதான் இல்லை. தேசவழமையில் முதுசம் பிள்ளைகளைத் தானாகவே வந்து சேர்கிறது; சகோதரர்கள் பிரிக்காமலே ஆண்டு வருகிறார்கள்; நொத்தாரிசிடம் போக எவருக்கும் தேவை ஏற்படுவதில்லை. அயலவர் அனைவரும் அறிந்த உண்மைக்குச் சாட்சி எதற்கு என்று இருந்துவிட்டோம். அறிந்த அயலவர் இப்போது எங்கே? 2009 இல் முள்ளிவாய்க்கால் மணலில் எத்தனை பெட்டிகள், எத்தனை உறுதிகள், அவற்றை விளக்கக்கூடிய எத்தனை முதியவர்கள் புதையுண்டனர்! எஞ்சியோர் வவுனியா முகாம்களுக்கு உடுத்த துணியோடு வந்தனர். 2016 ஆம் ஆண்டின் ஆட்சியுரிமை விசேட ஏற்பாடுகள் சட்டம், இடம்பெயர்ந்தோருக்கு எதிராகக் காலம் கழிந்ததென்று சொல்லவிடாது தடுத்தது உண்மை. ஆனால் இவன்தான் அவனுடைய பேரன் என்பதை எந்தச் சட்டமும் எமக்காக எழுதித் தரமாட்டாது.

வம்சாவளி என்பது பெரிய வீட்டாரின் பொழுதுபோக்கு என்று நினைப்போருக்கு 1948 ஐ நினைவூட்டுகிறோம். அவ்வாண்டின் 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் கேட்டது என்ன? தந்தை இலங்கையில் பிறந்தவர் என்று காட்டு. அன்றேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தவர்கள் என்று காட்டு என்றது. தேயிலைக்கு உரமாகிப்போன பாட்டனின் பிறப்புப் பத்திரத்துக்கு ஏழைத் தொழிலாளி எங்கே போவான்? இலட்சக்கணக்கானோர் நாடற்றவராயினர். அத்தீங்கைத் துடைக்க 2003 ஆம் ஆண்டிலும் ஒரு சட்டம் வேண்டியிருந்தது. அம்மக்களின் வழித்தோன்றல்களே, 1977 இலும் 1983 இலும் அடிபட்டு வந்து, இன்று வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் எமது அயலவராய் வாழ்கின்றனர். பாட்டன் பெயரின் விலையை அவர்களிடம் கேட்டறிக!

வன்னியின் வரலாற்றை எழுதியோர் யார்? 1895 இல் ஜே. பி. லூயிஸ் என்னும் ஆங்கில அதிகாரி வன்னி மாவட்டங்களைப் பற்றிய கைநூலை வெளியிட்டார். இன்றும் அதையே புரட்டுகிறோம். கற்சிலைமடுவில் பண்டாரவன்னியனின் பெயர் கல்லிலே பொறிக்கப்பட்டது, அவன் 1803 இல் தோற்றான் என்று சொல்வதற்காக! பிற்காலத்தில் பேராசிரியர் பத்மநாதன் போன்றோர் வன்னியர் வரலாற்றை ஆராய்ந்து எழுதினர், அவர்களுக்கு நன்றி. எனினும் வன்னிபங்கள் வேறு, குளத்தடி ஊர்கள் வேறு. அலைகரையில் காடு வெட்டியவன் எவன், உடைந்த அணையை எந்தக் குடும்பங்கள் கூடிக் கட்டின, எந்தப் புலவு எவருக்குச் சீதனமாய்ப் போனது, எந்த ஆண்டு காய்ச்சலில் ஊர் கலைந்து எங்கே போயிற்று: இவையெல்லாம் எந்தக் கைநூலிலும் இல்லை. வற்றாப்பளைப் பொங்கலை எடுத்துக்கொள்ளுங்கள். பாக்குத் தெண்டல், கடல்நீரில் விளக்கேற்றத் தீர்த்தம் எடுத்தல், முள்ளியவளைக் காட்டு விநாயகர் கோயிலிலிருந்து மடைப்பண்டம் கொண்டு செல்லல் ஆகிய ஒவ்வொன்றுக்கும் முறைகாரர் உண்டு. அம்முறையே ஒருவகை ஊர்ப் பதிவேடு. அதைப் படிக்கத் தெரிந்தவர்கள் ஆண்டுதோறும் குறைந்து வருகிறார்கள். பெயரை எழுதி வைக்காத ஊரின் பெயரைப் பிறர் எழுதுவர். 1984 இல் மக்கள் விரட்டப்பட்ட மணலாறு 1988 இல் வெலிஓயா ஆயிற்று.

ஓர் எச்சரிக்கையும் அவசியம். குலப்பெருமை பாட எழுதப்படும் ஏட்டுக்கு எமது ஆதரவு இல்லை. கோயிலில் பறை முழக்கியவனும், சட்டி பானை வனைந்தவனும், கூலிக்கு அரிவு வெட்டியவனும் இல்லாத ஊர் வரலாறு பொய் வரலாறு. 1990 ஒக்டோபரில் தண்ணீரூற்று முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டதை விட்டுவிட்டு எழுதுவதும் பொய்யே. அவர்களுடைய வீடும் வளவும் அவர்களது பூர்வீகமும் அதே கொப்பியில் இடம்பெற வேண்டும். பெண்களின் பெயரை விட்டு எழுதும் பழக்கமோ வரலாற்றுப் பிழை மட்டுமன்று, சட்டப் பிழையுமாகும். சீதனம் தாய்வழி வருகிறது. தாயின் தாய் பெயர் தெரியாதவன் தன் காணியில் பாதியை இழப்பான்.

இனிச் சட்டத்தைக் கேளுங்கள். லூயிஸ் கைநூல் வெளிவந்த அதே 1895 இல்தான் எமது சான்றுக் கட்டளைச் சட்டமும் நிறைவேறிற்று. அதன் 32 ஆம் பிரிவு, இறந்துபோன ஒருவர் உறவுமுறை பற்றிக் கூறியதையும், குடும்ப வம்சாவளியில், உறுதியில், கல்லறையில் எழுதப்பட்டதையும் சான்றாக ஏற்க இடமளிக்கிறது. ஆயின் ஒரு நிபந்தனை: பிணக்கு எழுவதற்கு முன்னரே அது கூறப்பட்டிருக்க வேண்டும். வர்த்தமானி வந்தபின் எழுதும் வம்சாவளியை எதிர்த்தரப்பு வழக்கறிஞர் ஒரே கேள்வியில் கிழித்தெறிவார். இன்று பிணக்கில்லை. ஆகவே எழுத வேண்டிய நாள் இன்று.

ஒவ்வொரு சனசமூக நிலையமும் ஒரு தடித்த கொப்பி வாங்கட்டும். ஊரில் மூத்தவரிடமிருந்து தொடங்குங்கள். அவர் சொல்வதை அவர் சொன்னபடியே, திகதியிட்டு எழுதி, சமாதான நீதவான் முன் சத்தியக் கடதாசியாக்குங்கள். இருவர் சொல்வது முரண்பட்டால் இரண்டையும் எழுதுங்கள். தீர்ப்பு எழுதுவது உங்கள் வேலையன்று. பாடசாலைச் சேர்வு இடாப்பு, கோயில் கணக்கு, ஞானஸ்நானப் பதிவேடு, குளத்து நீர்ப் பங்குப் பட்டியல் ஆகியவற்றோடு ஒப்பிடுங்கள். ஒரு பிரதி ஊருக்கு வெளியே இருக்கட்டும். எல்லாவற்றையும் ஓரிடத்தில் வைத்தால் என்ன நேரும் என்பதை 1981 இல் யாழ்ப்பாணத்தில் பார்த்தோம். 2005 முதல் இலத்திரனியல் வடிவில் எமது ஏடுகளைச் சேமித்துவரும் நூலகம் நிறுவனத்தார் போன்றோர் இருக்கும்போது, ஒரு பிரதியை அவர்கள் கையில் ஒப்படைக்கத் தயங்க வேண்டியதில்லை. உயிரோடிருப்பவர்களின் அந்தரங்க விடயங்களை மட்டும் தனியே வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த வைகாசிப் பொங்கலுக்கு வற்றாப்பளையில் ஊர்கள் கூடும்போது ஒவ்வோர் ஊரும் தன் கொப்பியோடு வரட்டும். பொறுப்பேற்கும் இளைஞர்கள் தம் ஊர்ப் பெயரை எமது காரியாலயத்துக்கு அறிவித்தால், வம்சாவளி அட்டவணைக்கும் சத்தியக் கடதாசிக்கும் உரிய மாதிரிப் படிவங்களை இலவசமாக அனுப்பி வைப்போம்.