அச்சு ஒன்று, வண்ணம் வேறு

சென்ற ஞாயிறு மாலை, எங்கள் குடியிருப்பின் மூன்றாம் மாடியில் வசிக்கும் தஞ்சை மாவட்டத்து நண்பரும் அவருடைய பதினாறு வயது மகனும் என் இல்லத்திற்கு வந்தனர். வந்தவர் இருவர், வழக்கு ஒன்று. பையன் தன் கையில் துணியால் சுற்றி வைத்திருந்த பொருளை மேசைமீது வைத்து, "மாமா, நீங்கள் பிளாஸ்டிக் வார்ப்பாலையில் முப்பது ஆண்டு வேலை பார்த்தவர். இது அசலா, அன்றா என்று நீங்களே சொல்லுங்கள்" என்றான்.

துணியை நீக்கினேன். உள்ளே கருமையும் ஊதாவும் பூண்ட ஒரு போர் விமானம் இருந்தது. மடிக்க வேண்டியதை மடித்து, திருப்ப வேண்டியதைத் திருப்பினால், அதுவே கையும் காலும் கொண்ட இயந்திர மனிதனாக எழுந்து நிற்கும். 'டிரான்ஸ்ஃபார்மர்ஸ்' என்னும் பொம்மை வரிசையில் 'ஸ்கைவார்ப்' என்பது இதன் பெயர். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் பெரியோர் அளித்த பணத்தை இரண்டாண்டுகள் சேர்த்து, பழம்பொருள் விற்கும் ஒருவரிடம் ஒன்பதாயிரம் ரூபாய்க்குப் பையன் இதை வாங்கியிருக்கிறான். 1984ஆம் ஆண்டின் அசல் என்று சொல்லி விற்றாராம்.

"இதன் தம்பியைப் போன்ற ஒன்று ஏற்கெனவே வீட்டில் இருக்கிறது. அது சாம்பல் நிறம், இது கறுப்பு. வர்ணத்துக்கா ஒன்பதாயிரம்?" என்றார் தந்தை.

தந்தையின் கேள்வி நியாயமானதே. அதற்கு முதலில் விடை கூறுவோம்.

ஜப்பானில் டகாரா என்னும் நிறுவனம் உருவாக்கிய உருமாறும் பொம்மைகளை, அமெரிக்காவின் ஹாஸ்ப்ரோ நிறுவனம் உரிமை பெற்று, 1984இல் டிரான்ஸ்ஃபார்மர்ஸ் என்ற பெயரில் வெளியிட்டது. இத்தகைய பொம்மையில் பெருஞ்செலவு பிடிப்பது பிளாஸ்டிக் அன்று. எஃகில் குடைந்தெடுக்கும் அச்சு. மோல்டு என்று நாங்கள் ஆலையில் சொல்வோம். ஒவ்வோர் உறுப்பும் மற்றொன்றோடு மயிரிழை பிசகாமல் பொருந்த வேண்டுமாதலால், அதைச் செதுக்கவும் திருத்தவும் பல மாதங்கள் ஆகும். ஒருமுறை செய்துவிட்டால், அதில் ஊற்றும் பிளாஸ்டிக்கின் நிறத்தை மாற்றுவது எளிது. ஆகவே ஓர் அச்சிலிருந்து பல பாத்திரங்கள் பிறந்தன. எஃப்-15 விமானத்தின் அச்சு ஒன்றே. அதில் சாம்பலும் சிவப்பும் நீலமும் கலந்து வந்தவன் ஸ்டார்ஸ்கிரீம். நீலமாக வந்தவன் தண்டர்கிராக்கர். கறுப்பும் ஊதாவுமாக வந்தவன் ஸ்கைவார்ப். சிவப்பு வேனாக வந்த அயர்ன்ஹைடு, வெள்ளை ஆம்புலன்ஸாகி ராட்செட் ஆனான்.

இது ஏமாற்று வேலை அன்று. நம் கொலுப் பொம்மைகளும் அச்சில் எடுத்து வண்ணம் தீட்டப்பெறுபவை தாமே? நம் நாட்டிலேயே இதற்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட எம்.ஆர்.எஃப். நிறுவனமும் ஹாஸ்ப்ரோவும் கூடித் தொடங்கிய ஃபன்ஸ்கூல், ஹாஸ்ப்ரோவின் அச்சுகளைக் கொண்டு ஜி.ஐ. ஜோ வீரர்களை இங்கே வார்த்தது. அவற்றுள் பல, அமெரிக்கப் பொம்மைகளினின்றும் வேறுபட்ட வண்ணங்களில் வந்தன. அந்த வேறுபாட்டுக்காகவே அயல்நாட்டார் இன்று அவற்றைத் தேடி வாங்குகின்றனர். ஆக, வண்ணத்துக்கும் விலை உண்டு. ஆனால் அந்த வண்ணம் எங்கே பிறந்தது என்பதே கேள்வி. ஆலையில் பிறந்ததா, அடுக்களை மேசையில் பிறந்ததா?

அதைக் கண்டறிய, பூதக்கண்ணாடியும் சிறு விளக்கும் எடுத்துக்கொண்டேன். நேயர்களும் பயன்படுத்தக்கூடிய சோதனைகள் இவை.

முதலாவது, நிறம் எவ்வளவு ஆழம் செல்கிறது என்று பார்த்தல். ஆலையில் பிளாஸ்டிக்கிலேயே நிறம் கலக்கப்படுவதால், அது உறுப்பின் உட்புறம் வரை ஒன்றாகவே இருக்கும். சிறு விவரங்கள் மட்டுமே மேலே தீட்டப்படும். ஆதலால் திருகு செல்லும் துளை, இறக்கை செருகும் பொந்து, முழங்கை மடியும் உள்முகம் ஆகிய இடங்களை நோக்க வேண்டும்.

இரண்டாவது, நுண்கோடுகள். அச்சில் செதுக்கிய கோடுகள் கூர்மையாக விழும். மேலே பூசிய வண்ணம் அவற்றை மழுங்கச் செய்யும்.

மூன்றாவது, மூட்டுகள். வண்ணத்துக்கும் கனம் உண்டு. இரு முகங்கள் உராயும் இடத்தில் இரண்டிலும் பூச்சு ஏறினால், மூட்டு இறுகும், திருப்புந்தோறும் சுரண்டப்படும். அசையாத சிலைக்கு இத்தொல்லை இல்லை. உருமாறும் பொம்மைக்கோ இதுவே பெருஞ்சோதனை.

நான்காவது, பொறித்த ஆண்டு. இதை முழுதும் நம்பலாகாது. அது அச்சுக்குரிய உரிமை ஆண்டு. பிற்காலத்தில் அதே அச்சில் வார்த்ததிலும் பழைய ஆண்டு இருக்கக்கூடும்.

பையனின் பொம்மையில் நுண்கோடுகள் ஓரளவு தெளிவாகவே இருந்தன. மூட்டுகள் எளிதில் திரும்பின. என் மனமும் ஒருகணம் அசல்தான் என்று சொல்ல விழைந்தது. பிறகு முழங்கையை மடித்து விளக்கைக் காட்டினேன். உள்ளே நீலம். இறக்கைப் பொந்தினுள் சாம்பல். பையனே கண்ணாடியை வாங்கிப் பார்த்தான், ஒன்றும் பேசவில்லை. ஸ்டார்ஸ்கிரீம்மீது கறுப்புப் பூசி ஸ்கைவார்ப் ஆக்கியிருக்கிறார்கள்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வண்ணம் பூசியவர் தேர்ந்த கைவினைஞர். திருகுகளைக் கழற்றி, உறுப்புகளைப் பிரித்து, மெல்லிய பூச்சாகப் பலமுறை பூசியிருக்கிறார். மூட்டின் உராயும் முகங்களை வேண்டுமென்றே வெறுமையாக விட்டிருக்கிறார். அதனால்தான் பொம்மை இன்றும் நன்கு அசைகிறது. அதனால்தான் உண்மையும் நமக்குத் தெரிந்தது. வெளிர்நிறப் பிளாஸ்டிக் வெயிலில் நாளடைவில் மஞ்சள் பாரிக்கும். அப்படிப் பழுத்துப்போன ஒன்றை யாரோ ஆசையோடு புதுப்பித்திருக்கலாம். பூசியவர் பொய் சொல்லவில்லை. இடையில் விற்றவர் சொல்லாமல் விட்டதே பொய்.

"விற்றவர் இப்போது தொலைபேசியை எடுப்பதில்லை" என்றார் தந்தை. சற்று மௌனம் நிலவியது. பிறகு பையன் தலை குனிந்தவாறே, "என் வகுப்புத் தோழன் ஒருவன் இதே விலைக்குக் கேட்கிறான். அவன் முழங்கையை மடித்துப் பார்க்க மாட்டான்" என்றான்.

நான் தந்தையை நோக்கினேன். அவர் உடனே மறுத்துவிடுவார் என எண்ணினேன், மறுக்கவில்லை. ஊர்விட்டு ஊர் வந்து மாதச் சம்பளத்தில் குடும்பம் நடத்துபவருக்கு ஒன்பதாயிரம் என்பது என்ன என்பதை நம்மில் யாரும் அறியாமல் இல்லை. ஆகவே அவரை நான் குறை கூறமாட்டேன். பையனிடம் மட்டும் ஒரு கேள்வி கேட்டேன்: "விற்றவர்மீது உனக்குக் கோபம் வந்ததே, அது பணம் போனதற்கா, அவர் சொல்லாமல் விட்டதற்கா?"

அவன் விடை கூறவில்லை. பொம்மையை மீண்டும் துணியில் சுற்றிக்கொண்டு போனான்.

புறப்படும்போது தந்தையிடம் ஓர் எச்சரிக்கை கூறினேன். அவர் வீட்டில் நான்கு வயதுப் பெண்குழந்தை உண்டு. 2021 ஜனவரி முதல் சிறுவர் பொம்மைகளுக்கு நம் நாட்டில் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம், வீட்டு வண்ணங்களில் ஈயத்தின் அளவுக்கும் 2017 முதல் வரம்பு உண்டு. ஆனால் முன்பின் அறியாத ஒருவர், எந்த டப்பாவிலிருந்தோ எடுத்துப் பூசிய வண்ணத்துக்கு யார் சான்று? ஆகவே மறுவண்ணம் கண்ட எந்தப் பொம்மையையும், வாயில் வைக்கும் வயதுக் குழந்தையிடம் தரலாகாது. சுரண்டிப் பார்ப்பதும் கூடாது, அத்தூளே தீங்கு.

புதன்கிழமை பையன் தனியே வந்தான். தோழனிடம் உள்ளதைச் சொல்லிவிட்டானாம். அவன் இரண்டாயிரத்துக்குக் கேட்டானாம், இவன் கொடுக்கவில்லை. "ஏன்?" என்றேன். "இவ்வளவு நன்றாகப் பூசியவருக்கு இரண்டாயிரம் குறைவு, மாமா" என்றான். பெட்டியின் உள்மூடியில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தான். 'இது ஸ்டார்ஸ்கிரீம், ஸ்கைவார்ப் வண்ணம் பின்னர்ப் பூசப்பட்டது' என்று தன் கையாலேயே தமிழில் எழுதியிருந்தான். எழுத்தில் இரண்டு பிழைகள் இருந்தன. திருத்தவில்லை.

தந்தை என்ன சொன்னார் என்று கேட்டேன். "நவராத்திரிக்குக் கீழ்ப்படியில் வை; தங்கை கைக்கு எட்டாமல் சற்று உள்ளே தள்ளி வை என்றார்" என்றான் பையன்.