வீரன் மறந்த ஊரும் நாம் மறந்த ஊரும்

தமிழ் விழா மேடைகளில் அண்மைக்காலமாக ஒரு குற்றச்சாட்டு ஓயாது ஒலிக்கிறது. நம் இளைஞர்கள் வீடியோ விளையாட்டில் மூழ்கிக் கிடக்கின்றனராம். இல்லாத நாட்டில் பிறந்த இல்லாத வீரன் ஒருவன் தன் ஊரை மறந்துவிட்டானாம். அவன் பிறந்த வீடு எது, அவனைப் பெற்றவர் யாவர் என்று இவர்கள் ஊகத்தின் மேல் ஊகம் அடுக்கி இரவெல்லாம் வாதிடுகின்றனராம். சிலம்பைப் புரட்ட நேரமில்லாதவர்க்கு ஜப்பானியர் செய்த பொம்மைக்குப் பூர்வீகம் தேட நேரம் இருக்கிறதே என்று பேச்சாளர் முடிக்கும்போது அவையில் கைதட்டல் எழுகிறது. அக்கைதட்டலில் நாம் கலந்துகொள்ள மறுக்கிறோம். கை தட்டிய பெரியோரிடம் ஒன்று மட்டும் கேட்கிறோம்: உங்கள் பாட்டி எந்த ஊரிலிருந்து இந்த மலைக்கு ஏறி வந்தார்? ‘திருநெல்வேலிப் பக்கம்’ என்பது ஓர் ஊரின் பெயர் அன்று.

இளைஞர்கள் பேசுவது என்ன என்று பெரியோர் கேட்டுப் பார்த்ததாகத் தெரியவில்லை. நாம் கேட்டோம். 2017ஆம் ஆண்டு நிண்டெண்டோ நிறுவனம் வெளியிட்ட ‘பிரெத் ஆஃப் தி வைல்ட்’ என்னும் விளையாட்டில், லிங்க் என்பவன் நூறாண்டு உறங்கி ஒரு குகையில் விழிக்கிறான். தான் யார் என்பதே அவனுக்கு நினைவில்லை. இளவரசி முன்பு எடுத்து வைத்த 12 படங்கள் அவனுக்குக் கிடைக்கின்றன. படத்தில் உள்ள இடத்தைத் தேடிப் போய் அங்கே நின்றால்தான் ஒரு நினைவு மீளும். மீளும் நினைவுகளில் போர் உண்டு, நட்பு உண்டு, இளவரசியின் கண்ணீர் உண்டு. பெற்றோர் வாழ்ந்த வீடு மட்டும் இல்லை. ஹேட்டேனோ என்ற சிற்றூரில் இடிப்பதற்கெனக் காத்திருக்கும் ஆளில்லா வீடு ஒன்று நிற்கிறது. 3,000 நாணயமும் மரக்கட்டைகளும் கொடுத்தால் அது அவனுக்குச் சொந்தமாகும். (அந்நாணயத்தின் பெயர் நம் ரூபாயைப் போலவே ஒலிப்பது ஒரு வேடிக்கை.) அவ்வீடே அவன் பிறந்த வீடு என்று வாதிடும் இரசிகர் உண்டு. விளையாட்டைச் செய்தவர்கள் அதனை எங்கும் சொல்லவில்லை. தன் வீட்டையே தன் வீடென்று அறியாமல் விலை கொடுத்து வாங்குகிறான் என்ற அந்த ஊகத்தில் ஒரு காவியத் துயரம் இருக்கிறது என்பதை மறுப்பவர், இலக்கியம் பேசத் தகுதி உடையவர்தாமா என்று நாம் ஐயுறுகிறோம்.

இதைவிட ஆழமானது 1997இல் வந்த ‘ஃபைனல் ஃபேண்டஸி’ வரிசையின் ஏழாம் விளையாட்டு. அதன் தலைவன் கிளவுட், நிபெல்ஹெய்ம் என்ற மலையடிவாரச் சிற்றூரான். பெரும்படை வீரனாவேன் என்று சொல்லிவிட்டு ஊரை நீங்குகிறான். ஆகவில்லை. ஒரு கம்பெனியின் சாதாரணக் காவலனாகவே ஊருக்குத் திரும்ப நேர்கிறது. தோற்றுப் போனவனாக ஊரார்முன் நிற்க நாணி, தலைக்கவசத்தால் முகத்தை மறைத்துக்கொள்கிறான். பின்னர் ஊர் எரிகிறது. கம்பெனியோ எரிந்த ஊரை வீடு வீடாக மீண்டும் கட்டி, கூலிக்கு ஆள் வைத்து, இங்கே எதுவும் எரியவில்லை என்று சொல்ல வைக்கிறது. அவன் நினைவும் சிதைந்து, நண்பனின் வீரவரலாற்றைத் தன்னுடையது என்று நம்பித் திரிகிறான். அவனை மீட்பது மருந்தன்று, மந்திரமன்று. அதே ஊரில் பிறந்த டிஃபா என்ற பெண் அருகிருந்து, இது நடந்தது, இது நடக்கவில்லை என்று ஒவ்வொன்றாக ஒப்பிட்டுச் சொல்ல, அவன் தன்னைக் கண்டடைகிறான். 2020இலும் 2024இலும் இக்கதை புதுப்பிக்கப்பட்டு வந்தபோது ஊகங்களும் புதிதாய்க் கிளைத்தன.

ஊருக்குத் திரும்பியவன் முகத்தை மறைத்துக்கொண்டான் என்ற செய்தி, தேயிலை மலையில் பிறந்த எவருக்கும் அந்நியமானதா? கங்காணியிடம் முன்பணம் வாங்கிக்கொண்டு மலை ஏறியவர்கள், இரண்டு ஆண்டில் கடனை அடைத்து, கழுத்தில் ஒரு சங்கிலியோடு திரும்புவோம் என்று சொல்லித்தான் ஏறினார்கள். கடன் அடையவில்லை. வெறுங்கையோடு எப்படிப் போவது என்று ஒரு பொங்கலுக்குப் போகவில்லை, அடுத்த பொங்கலுக்கும் போகவில்லை. பிள்ளைகள் கேட்டபோது பேச்சை மாற்றினார்கள். தலைக்கவசம் இல்லாததால் மௌனத்தை அணிந்துகொண்டார்கள்.

மற்றொரு காரணமும் உண்டு. விழா மலர்களில் இதனை எழுதுவது வழக்கமில்லை, ஆயினும் எழுதுகிறோம். மலை ஏறியவருள் மிகப் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட சாதியினர். அவர்கள் விட்டு வந்த ஊர், பாடல்களில் வரும் ஊர் அன்று. அங்கே அவர்கள் ஊருக்குள் வசிக்கவே இல்லை. ஊருக்கு வெளியே சேரியில் வசித்தார்கள். ஊர்ப் பெயரைச் சொன்னால் தெருவைக் கேட்பார்கள், தெருவைச் சொன்னால் சாதி தெரிந்துவிடும். பேத்திக்கு அந்தச் சுமை வேண்டாம் என்று ஊர்ப் பெயரையே விழுங்கிவிட்ட பாட்டிகள் உண்டு. இவர்களை மறதிக்காரர் என்று சொல்ல நமக்கு நா எழவில்லை. அவர்கள் மறக்கவில்லை, மறைத்தார்கள்.

சிலம்பைச் சொல்லிப் பிள்ளைகளை இடிப்பவர்கள் சிலம்பையேனும் ஊன்றிப் படித்திருக்கலாம். பாண்டியன் அவையில் யார் நீ என்று வினவப்பட்ட கண்ணகி, தன் ஊர் புகார் என்பதைச் சோழ மன்னர் பெருமையோடு சேர்த்து முழங்குகிறாள்; அதன் பின்னரே கணவன் பெயர் வருகிறது. அவளே மலை ஏறி வேங்கை மர நிழலில் நின்றபோது குறவர்கள் அதே வினாவை வினவுகிறார்கள். அங்கே அவள் விடையில் புகார் இல்லை. மதுரை கெட, கணவனை அங்கே இழந்து வந்தவள் என்று மட்டுமே சொல்கிறாள். காவிரிப்பூம்பட்டினத்து மாளிகையும் தாய் தந்தையரும் அவ்விடையில் இடம்பெறவில்லை. மலை ஏறியதும் ஊர்ப் பெயர் உதிர்ந்துவிட்டது! இளங்கோவடிகள் இதனை எண்ணிச் செய்தாரா என்று புலவர்கள் வாதிடட்டும். குமுளிக்கு அருகே பெரியாற்றுக் காட்டினுள் மங்கலதேவி கோயிலுக்குச் சித்திரை முழுநிலவன்று ஜீப்பில் நெருக்கியடித்து ஏறும் நம் மக்கள், தம் கதையைத்தான் அங்கே கும்பிடுகிறார்கள் என்பது நம் கருத்து. கண்ணகி நின்ற குன்றம் அதுவே என்பதற்குச் சான்று தேடி ஆண்டுக்கணக்கில் வாதிட்ட அறிஞரை நாம் போற்றுகிறோம். அதே பொறுமையோடு லிங்கின் வீட்டைத் தேடும் பிள்ளையை ஏசுகிறோம். சன்னலின் அமைப்பு, சுவரில் தொங்கும் வாள், பாதையின் தொலைவு என்று சிறு தடயங்களைக் கோத்து ஒரு முடிவுக்கு வருவதுதான் இருவரும் செய்யும் வேலை. பின்னவர் தம் முடிவை ஊகம் என்றே ஒப்புக்கொள்கிறார்.

நம்மவர் ஊகங்களோ அவ்வளவு நாணயமுடையவை அல்ல. பாலக்காட்டு அக்கிரகாரங்களில் பூர்வீகம் பற்றிக் கேட்டால் இரண்டு கதைகள் வரும். அரசன் ஒருவன் குலம் மாறி மணந்ததால் நம்பூதிரிகள் விலகிக்கொள்ள, சோழ நாட்டு அந்தணர் அழைக்கப்பட்டனர் என்பது ஒன்று. 1311இல் மாலிக் காபூர் படையெடுப்பால் தெற்கே கலங்கி ஓடி வந்தனர் என்பது மற்றொன்று. அழைத்து வந்தார்கள் என்றால் பெருமை, ஓடி வந்தார்கள் என்றால் இரக்கம். சொல்பவரின் அன்றைய மனநிலைக்கு ஏற்பக் கதை மாறும். மலைத்தோட்டங்களிலும் பாண்டியர் படையின் வழிவந்தோம் என்று சாதிதோறும் ஒரு கதை இப்போது அச்சேறுகிறது. கிளவுட் நண்பனின் வீரத்தைத் தன்னுடையதாக எண்ணிக்கொண்டது போன்றதே இது. அவனாவது பிறகு தெளிந்தான்.

மலையாள நாட்டில் வாழும் தமிழர் எல்லோரும் பெயர்ந்து வந்தவர் அல்லர் என்பதையும் சொல்லிவிடுகிறோம். பாலக்காடு 1956 நவம்பர் 1 வரை சென்னை மாநிலத்து மலபார் மாவட்டத்தில் இருந்தது. சித்தூர் கொச்சி நாட்டினது. கொழிஞ்சாம்பாறையிலும் வேலந்தாவளத்திலும் நின்ற இடத்தில் நின்றவர்கள் உண்டு, எல்லைக்கோடுதான் நடந்தது. அவர்களிடம் போய் எப்போது வந்தீர்கள் என்று கேட்பது அறியாமை. தேவிகுளமும் பீர்மேடும் திருவிதாங்கூரினுடையனவாக இருந்து 1956இல் கேரளத்தோடு நின்றன. 1972இல்தான் இடுக்கி மாவட்டம் பிறந்தது. ஆனால் அம்மலையில் தோட்டத் தமிழர் கதை, 1877இல் பூஞ்சாறு அரசரிடம் மன்றோ என்ற ஆங்கிலேயர் கண்ணன் தேவன் மலையைக் குத்தகையாகப் பெற்றதற்குப் பின்னர்த் தொடங்குவது. இத்தனை அருகில் இருக்கும் தொடக்கத்தையே இழந்திருக்கிறோம்.

இழந்தால் என்ன என்று கேட்பாரும் உளர். கேட்பவர் வருவாய் அலுவலகத்தில் வரிசையில் நின்றதில்லை. பட்டியல் சாதிகளைப் பற்றிய குடியரசுத் தலைவர் ஆணை 1950 ஆகஸ்ட் 10இல் பிறந்தது. பிற மாநிலப் பூர்வீகம் உடைய குடும்பம் கேரளத்தில் சாதிச் சான்றிதழ் பெற, முன்னோர் 1950க்கு முன்னரே இங்கு நிலையாக வாழ்ந்தமையைக் காட்ட வேண்டும். தாத்தா எந்த ஊரிலிருந்து எந்த ஆண்டில் எந்தத் தோட்டத்தில் பேர் பதிந்தார் என்பது, பேத்தியின் கல்லூரி இடத்தைத் தீர்மானிக்கிறது. 2021இல் தேவிகுளத்தில் வென்ற அ. ராஜாவின் தேர்தல் வழக்கை வாசகர் நினைவுகூரலாம். 2023 மார்ச் 20இல் உயர்நீதிமன்றம் அத்தேர்தலைச் செல்லாது என்றது. 2025 மே 6இல் உச்சநீதிமன்றம் அத்தீர்ப்பை நீக்கியது. அவ்வழக்கில் ஆராயப்பட்டவற்றுள் ஒன்று, அவருடைய முன்னோர் 1950க்கு முன்பே இங்குக் குடியேறியவர்களா என்பது. சட்டமன்ற உறுப்பினருக்கே பாட்டன் வந்த ஆண்டு இத்தனை பாடுபடுத்தியது என்றால், கொழுந்து பறிப்பவரின் மகளுக்கு எத்தனை பாடு!

இதோடு போகவில்லை. ஓய்வு பெறும் தொழிலாளி லயத்து வீட்டை விட வேண்டும். குடும்பத்தில் இன்னொருவர் வேலையில் இருந்தால் அங்கேயே தங்கலாம். இல்லையென்றால் எங்கே போவது? கீழே ஊர் இருப்பவர், அங்கே கால் சென்ட் நிலமாவது இருப்பவர் போகிறார். ஊர் தெரியாதவர் மகன் வேலை பார்க்கும் திருப்பூரிலோ கோவையிலோ வாடகை அறையில் ஒண்டுகிறார். நூறாண்டு உழைத்த குடும்பம், நூறாண்டு உறங்கி எழுந்த அவ்வீரனைப் போலவே வெளியே வந்து நிற்கிறது; விலை கொடுத்து வாங்க ஓர் ஆளில்லா வீடுகூட அதற்கு இல்லை.

2020 ஆகஸ்ட் 6 இரவு, பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடிற்று. 70 உயிர்கள் போயின. நால்வர் உடல் கிடைக்கவே இல்லை. மாண்டவர் பலருடைய பூர்வீகம் தூத்துக்குடி மாவட்டத்துக் கயத்தாறு வட்டாரம். அங்கே உறவினர் இருந்தார்கள், பெயர் சொல்லி அழுதார்கள். அழ ஓர் ஊர் இருந்தது என்ற அளவில் அவர்கள் நற்பேறு பெற்றவர்கள் என்று எழுத நமக்குக் கை கூசுகிறது. ஆனால் வேறொரு லயத்தில், வேறொரு மழையில், யாருக்குச் செய்தி அனுப்புவது என்றே தெரியாத குடும்பங்கள் இருக்கின்றன.

ஆகவே விளையாடும் பிள்ளைகளை நாம் ஏசமாட்டோம். அவர்களிடம் குறையே இல்லை என்றும் சொல்லமாட்டோம். வீரனுடைய படங்கள் காத்திருக்கும்; இன்று நிறுத்திவிட்டு அடுத்த மாதம் தொடரலாம். அடுத்த அறையில் இருமிக்கொண்டிருக்கும் அப்பாயி காத்திருக்கமாட்டாள். நூறு மணி நேரம் ஹேட்டேனோவில் அலைந்த பிள்ளை, அவளிடம் ஒரு மணி நேரம் உட்காரலாம். ஊர் எது என்று நேரே கேட்டால் சொல்லமாட்டாள். எந்த அம்மனுக்குக் கொடை கொடுத்தார்கள், எந்தக் குளத்தில் குளித்தாள், பேருந்தோ மாட்டு வண்டியோ எங்கே இறங்கி மலை ஏறினார்கள், கங்காணியின் பெயர் என்ன, அவர் எந்த ஊர்க்காரர் என்று கேட்க வேண்டும். தடயம் தேடுவது எப்படி என்று இப்பிள்ளைகளுக்கு நாம் கற்பிக்க வேண்டியதில்லை. நமக்கு அவர்கள் கற்பிக்கலாம்.

பெரியோருக்குச் சொல்வது வேறு. டிஃபா இல்லாமல் கிளவுட் மீளவில்லை. ஒருவருடைய நினைவை அதே ஊர்க்காரர் இன்னொருவர்தாம் சரிபார்க்க முடியும். அந்த இன்னொருவர் அடுத்த டிவிஷனில், அடுத்த தோட்டத்தில், இதே சங்கத்தின் பின்வரிசையில் இருக்கிறார். ஆண்டுதோறும் மலர் அச்சிடுகிறோம். வாழ்த்துரைக்கும் நகைக்கடை விளம்பரத்துக்கும் பக்கம் பக்கமாக ஒதுக்குகிறோம். உறுப்பினர் ஒவ்வொருவரின் குடும்பமும் எந்த ஊரிலிருந்து, எவ்வழியாக, எந்த ஆண்டில், எந்தத் தோட்டத்துக்கு வந்தது என்று நான்கு வரி எழுத அடுத்த மலரில் நாற்பது பக்கம் கேட்கிறோம். சாதி வெளிப்பட்டுவிடுமே என்று தயங்குவோர் ஊரை மட்டும் எழுதட்டும். தெருவை யாரும் கேட்கக் கூடாது என்பதைச் சங்கம் விதியாகவே வைக்கட்டும். ஊர் தெரியாதவர்கள் தெரியாது என்றே எழுதட்டும். அந்த வரிக்குக் கீழே சிறிது இடம் விட்டு அச்சிடுமாறு மலர்க் குழுவை வேண்டுகிறோம்.